பொதிகை ரயிலில் ஏறும் முன்: தனியாகப் பெயர்வோரின் முதல் மூன்று மாதக் கணக்கு

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் அறை வாடகை நாளுக்கு நாள் ஏறும். ஜூன் தொடக்கத்தில் ஒரு விலை, ஜூலை மாதச் சனிக்கிழமையில் வேறு விலை. மேலகரம், இலஞ்சி, காசிமேஜர்புரம் என்று அருவிக்கரையை ஒட்டிய ஊர்க்காரர்களுக்கு இது பழகிப்போன விஷயம். ஆனாலும் சீசன் நேரத்துக் குற்றாலத்துக்குள் கையில் அன்றைய காசு இருக்கும் எவரும் நுழைந்துவிடலாம். ஒரு நாள் வாடகையைக் கட்டினால் சாவி கைக்கு வந்துவிடும். சென்னையிலோ மாத வாடகை கட்ட வருமானம் உள்ளவர்கூட வாசலில் நிற்க நேரிடும். விலை கூடிய ஊர் என்பது ஒன்று. நுழையக் கடினமான ஊர் என்பது வேறொன்று. குறைந்த பணத்தோடு தனியாகப் பெருநகருக்குப் பெயர்வதைப் பற்றிப் பேசும்போது நாம் இவை இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம்.

தென்காசிப் பக்கத்திலிருந்து யாராவது வேலைக்குக் கிளம்பினால் ஊரில் முதலில் கேட்பது, "மெட்ராஸ்ல மாசம் எவ்வளவு ஆகும்?" என்பதுதான். முதல் சம்பளம் கைக்கு வரும்வரை எவ்வளவு வேண்டும் என்று கேட்பவர் குறைவு. உண்மையில் ஆளைத் தடுப்பதும், கடனில் தள்ளுவதும், சில மாதங்களில் ஊருக்கே திருப்பி அனுப்புவதும் அந்த இரண்டாவது தொகைதான். இதை நுழைவுச் செலவு என்று அழைக்கலாம். தென்காசிப் பக்கத்து மக்கள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்த நுழைவுச் செலவை எப்படிச் சமாளித்தார்கள், அதற்கு என்ன விலை கொடுத்தார்கள், இன்று அந்த ஏற்பாடுகள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

கணக்குக்காக ஒருவரை வைத்துக்கொள்வோம். ஆலங்குளத்துக்காரர், டிப்ளமோ முடித்தவர், சென்னையில் 20,000 ரூபாய் சம்பளத்தில் வேலை கிடைத்து 1-ஆம் தேதி சேர்கிறார். நெடுங்காலம் நடைமுறையில் இருந்த 1936-ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடாச் சட்டப்படி, ஆயிரம் பேருக்குக் குறைவானவர்கள் வேலைபார்க்கும் இடத்தில் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுத்தால் போதும் என்றிருந்தது. அதைவிடப் பெரிய இடமென்றால் 10-ஆம் தேதி வரை அவகாசம் இருந்தது. ஆக, சட்டத்தை ஒரு எழுத்துகூட மீறாமல் புது ஆளை ஏறத்தாழ நாற்பது நாள் காக்க வைக்கலாம். மாதக் கடைசியில் சேர்ந்தால் அந்தச் சில நாள் சம்பளத்தை அடுத்த மாதக் கணக்கில் சேர்த்துத் தரும் நிறுவனங்களும் உண்டு.

அந்த நாற்பது நாளுக்குள் தலை சாய்க்க இடம் வேண்டும். 8,000 ரூபாய் வாடகையில் ஒற்றை அறை வீடு என்று கொள்வோம். சென்னையின் பழைய வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் 80,000. தரகருக்கு ஒரு மாத வாடகை 8,000. முதல் மாத வாடகை இன்னொரு 8,000. பாய், தலையணை, வாளி, அடுப்பு, சாப்பாடு, பஸ் எதையும் சேர்க்காமலே 96,000 ரூபாய் ஆயிற்று. அவருடைய கிட்டத்தட்ட ஐந்து மாதச் சம்பளம் அது. இதே மனிதரின் மாத வரவுசெலவைப் பார்த்தால், 20,000-ல் 8,000 வாடகை போக மீதியில் இழுத்துப்பிடித்து வாழ்ந்துவிட முடியும். மாதக் கணக்கு அவரை உள்ளே வரச் சொல்கிறது. முதல் நாள் கணக்கு வெளியே போகச் சொல்கிறது.

அரசின் புள்ளிவிவரங்களில் இந்த முரண் தெரியவே தெரியாது. 2022-23-இல் நடந்த குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு, இந்திய நகர்ப்புறத்தில் ஒருவரின் சராசரி மாதச் செலவு 6,459 ரூபாய் என்றது, கிராமப்புறத்தில் 3,773. நகர்ப்புறச் செலவில் வாடகையின் பங்கு ஏறத்தாழ ஆறரை சதவீதம் மட்டுமே. படிக்கும்போது நம்ப முடியாது. சொந்த வீட்டில் இருப்பவர்களையும், பல பேர் ஒரே வாடகையைப் பகிர்ந்துகொள்ளும் குடும்பங்களையும் சேர்த்துப் போட்ட சராசரி அது. நான்கு பேர் குடும்பத்துக்குச் சமையலறை ஒன்று, கேஸ் இணைப்பு ஒன்று, வாடகை ஒன்று. தனியாள் அத்தனையையும் ஒற்றைத் தலையில் சுமக்கிறார். திருப்பித் தரப்படும் பணம் என்பதால் அட்வான்ஸ் நுகர்வுச் செலவிலேயே சேராது. பெயர்வோரை அதிகம் வதைக்கும் தொகை எந்த அட்டவணையிலும் வராமல் போவது இப்படித்தான்.

அந்த அட்வான்ஸுக்கு ஒரு சட்ட வரலாறு உண்டு. 1960-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம், வீட்டுக்காரர் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றது. அந்தச் சட்டம் உயிரோடு இருந்த ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில்தான் பத்து மாத அட்வான்ஸ் சென்னையின் இயல்பான வழக்கமாக வேரூன்றியது. வழக்குமன்றம் போனவர்களுக்கு அந்தப் பிரிவு உதவியது. வீடு தேடி அலைபவர் வழக்குமன்றம் போவதில்லை. அதற்கு மாற்றாக வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. குத்தகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், காலி செய்த ஒரு மாதத்துக்குள் முன்பணத்தைத் திருப்ப வேண்டும் என்றெல்லாம் அது சொல்கிறது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் அந்த வாக்கியத்தின் தொடக்கத்திலேயே, வேறுவிதமான உடன்பாடு இல்லாதபோது என்று ஒரு விலக்கு இருக்கிறது. வீடு கிடைக்காதவரும் வீடு வைத்திருப்பவரும் செய்துகொள்ளும் உடன்பாடு எப்படியிருக்கும் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? இன்றும் ஐந்து, ஆறு, பத்து என்று கேட்கிறார்கள். என் பார்வையில், அந்தச் சில சொற்கள் சட்டத்தின் ஆகப் பெரிய ஓட்டை.

நுழைவுச் செலவு சிறிதாக இருந்தாலும் மனிதர்களைத் தடுத்து நிறுத்தும் என்பதற்கு வங்கதேசத்தில் நடந்த ஒரு சோதனை சான்று. ரங்பூர் பகுதியில் நடவுக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட பஞ்ச காலத்தை 'மொங்கா' என்பார்கள். 2008-இல் பிரயன், சவுத்ரி, மொபாரக் என்ற மூன்று பொருளியலாளர்கள், வெளியூருக்கு வேலைக்குப் போக ஒரு குடும்பத்துக்குச் சுமார் எட்டரை டாலர் கொடுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய பஸ் கட்டணம். அந்தத் தொகையால் 22 சதவீதக் குடும்பங்கள் கூடுதலாக ஒருவரை அனுப்பின. ஊரில் இருந்தோரின் சாப்பாட்டுச் செலவு உயர்ந்தது. உதவி நின்ற பிறகும் அவர்களில் பலர் திரும்பவும் போனார்கள். 2014-இல் இந்த ஆய்வு வெளிவந்தபோது பெரிய வரவேற்பு. ஆனால் இதையே ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு விரித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. திட்டத்தை நடத்திய தொண்டு நிறுவனம் 2019-இல் அதை நிறுத்திவிட்டது. காசை மட்டும் கொடுத்தால் போதும் என்று முடிவு கட்டுவோர் இந்தப் பிற்பகுதியையும் படிக்க வேண்டும்.

காசுக்கு அப்பால் இருப்பது என்ன? கைவன் முன்ஷியும் மார்க் ரோசன்ஸ்வைகும் 2016-இல் எழுதிய ஆய்வு இந்தியாவைப் பற்றியது. நகரத்துக் கூலி கிராமத்துக் கூலியைவிட அவ்வளவு கூடுதலாக இருந்தும் நம் கிராமத்து ஆண்கள் நிரந்தரமாகப் பெயர்வது ஏன் குறைவு என்பது அவர்கள் எழுப்பிய கேள்வி. சாதி உறவு ஊரில் ஒரு காப்பீடுபோல வேலை செய்கிறது என்றார்கள். மழை பொய்த்தால், ஆள் படுத்துவிட்டால், கல்யாணம் வந்தால் கைமாற்று கிடைக்கும். ஊரை விட்டுத் தனியாகப் போகிறவன் அந்தக் கைமாற்றையும் விட்டுவிட்டுப் போகிறான். அப்படியானால் பெயர்வதற்கு இரண்டு வழிதான்: ஒன்று அந்தக் காப்பீடு இல்லாமல் துணிந்து போவது, மற்றொன்று உறவையே நகரத்துக்குக் கொண்டுபோய் நடுவது. தென்மாவட்டத்துக்காரர்கள் இரண்டாவது வழியில் கைதேர்ந்தவர்கள்.

இதில் மிகப் பழைய ஏற்பாடு பேட்டை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வடக்கே வணிகத்துக்குப் போன நாடார்கள் சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை போன்ற ஊர்களில் மதில் சூழ்ந்த பேட்டைகளைக் கட்டினார்கள். மாட்டுவண்டியும் சரக்கும் ஆளும் இரவில் பத்திரமாகத் தங்க ஓர் இடம். அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு வணிகரும் விற்பனையில் ஒரு சிறு பங்கை மகமையாகச் செலுத்தினார். ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-இல் வெளியிட்ட நாடார்கள் பற்றிய நூலில் இந்த ஏற்பாடு விரிவாக வருகிறது. பின்னாளில் மகமைப் பணம் பள்ளிக்கூடமாகவும் கோயிலாகவும் வளர்ந்ததைப் பலர் எழுதிவிட்டார்கள். எனக்கு அதன் தொடக்கமே முக்கியமாகப் படுகிறது: அன்னிய ஊரில் கடை போடுவதற்கு முன்பாகவே தங்குமிடத்துக்குப் பொதுப்பணம் ஒதுக்கினார்கள். நுழைவுச் செலவைத் தனியாளின் தோளிலிருந்து கூட்டத்தின் தோளுக்கு மாற்றினார்கள்.

பம்பாயில் இதன் இன்னொரு வடிவம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி முதலே தாராவிக்குத் திருநெல்வேலிச் சீமை மக்கள் தோல் பதனிடும் தொழிற்கூடங்களை நம்பிப் போனார்கள். தனியாகப் போன ஆண்கள் ஒரே கூரையின் கீழ் படுத்து, ஒரே அடுக்களையில் சமைத்ததைச் சாப்பிட்ட இடங்களுக்குப் 'பொங்கல் வீடு' என்று பெயர். அட்வான்ஸ் இல்லை, தரகர் இல்லை. ஊர்ப் பெயரும் அப்பா பெயரும்தான் சான்றிதழ்.

கடல் கடந்த கதை இன்னும் அழுத்தமானது. கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்கள், பெரும்பாலும் கைத்தறி நெசவாளர்கள், தொழில் நலிந்ததால் சிங்கப்பூருக்குப் போனார்கள். தமிழ் முஸ்லிம் வணிகர்கள் பலரும் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாகப் போய் வந்துகொண்டிருந்த காலத்தில், கடையநல்லூர்க்காரர்கள் வீட்டுப் பெண்களையும் அழைத்துக்கொண்டு தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறினார்கள். 1941-இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் உருவானது. போர் முடிந்த மறு ஆண்டே, 1946-இல், அந்த அமைப்பு உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. தென்காசிக்காரர்களுக்கும் தனிச் சங்கம் இருக்கிறது. உலகின் விலை கூடிய நகரங்களுள் ஒன்றாக இன்று பேசப்படும் ஊரில், தென்காசிப் பக்கத்து நெசவாளர்கள் காலூன்றியது சிக்கனத்தால் மட்டும் நடந்ததில்லை. முதலில் போனவர் இரண்டாமவருக்குப் படுக்க இடம் கொடுத்தார், மூன்றாமவருக்கு வேலை சொல்லிவைத்தார். பிறகுதான் சங்கம், பள்ளி எல்லாம்.

சென்னைக்கு வருவோம். தெற்கத்தி அண்ணாச்சியின் மளிகைக் கடைக்கு ஊரிலிருந்து வரும் பையனுக்கு நுழைவுச் செலவே கிடையாது. சாப்பாடு கடையில், படுக்கை மாடியில் அல்லது மூட்டைகளுக்கு நடுவில். சில வருடம் வேலை பழகியபின் அண்ணாச்சியே ஜாமீன் நின்று தனிக்கடை வைத்துக்கொடுத்த கதைகள் எல்லாத் தெருவிலும் உண்டு. ஆனால் அந்தப் பையனுக்கு வேலை நேரம் என்று ஒன்று இல்லை. கூரையும் சோறும் கொடுப்பவரிடம் கூலி உயர்வு கேட்பது எளிதல்ல. வேலையை விட்டால் அன்றிரவே படுக்கையும் போய்விடும். தியாகராய நகர்த் துணிக்கடைகளில் தென்மாவட்டப் பிள்ளைகள் பட்ட பாட்டை வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010-இல் திரையில் வைத்தது. கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது 2021-இல்தான். நுழைவுச் செலவு இல்லாத வாசல்கள் பலவும் வெளியேறும் செலவை ஏற்றிவைத்திருந்தன.

இந்த வழியின் அடுத்த குறை, நகரத்தில் ஏற்கெனவே ஆள் உள்ள சாதிக்கும் மதத்துக்கும்தான் அது திறக்கும் என்பது. கடையோ உறவோ இல்லாத தலித் இளைஞருக்கு மாடியில் பாய் விரித்துத் தர யார் இருந்தார்கள்? சந்தையில் வாடகைக்குத் தேடினாலும் அவர் மற்றவரோடு சமமாக நிற்பதில்லை. டெல்லி வட்டாரத்தில் சுகதேவ் தோரட்டும் உடன் ஆய்வாளர்களும் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வில், பெயரைக் கேட்டதுமே தலித்துகளும், அவர்களைவிட அதிகமாக முஸ்லிம்களும் மறுக்கப்பட்டார்கள். சென்னையில் "சைவம் மட்டும்" என்ற இரண்டு சொல்லுக்குள் என்னென்ன அடங்கும் என்பது வீடு தேடிய எவருக்கும் தெரியும். மறுக்கப்படும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள் விடுதிக் காசு கூடுகிறது. பாகுபாடும் நுழைவுச் செலவின் ஒரு பகுதிதான்.

உறவு இல்லாதவர்களுக்கு நகரம் தானாக உண்டாக்கிய ஏற்பாடு திருவல்லிக்கேணி மேன்ஷன். மவுண்ட் ரோடு அலுவலகங்களும் பல்கலைக்கழகமும் பத்திரிகை ஆபீஸ்களும் நடந்து போகும் தூரத்தில் இருந்ததால் அந்தப் பேட்டை தனியாண்களின் பேட்டையானது. கட்டில் கணக்கில் மாத வாடகை, சிறிய அட்வான்ஸ், கீழே இறங்கினால் மெஸ். காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் வாங்கக் காத்திருந்த அனுபவம் இரண்டு தலைமுறைக்குப் பொது நினைவு. இப்பேட்டைக்கும் தென்காசிப் பக்கத்துக்கும் தொடர்பு பழையது. மனைவி செல்லம்மாவின் ஊரான கடையத்தில் 1918 டிசம்பர் முதல் வாழ்ந்த பாரதி, 1920 நவம்பரில் சென்னை சுதேசமித்திரனில் மறுபடி சேர்ந்தபோது குடியிருந்தது திருவல்லிக்கேணித் துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில். அவருக்கும் கதவைத் திறந்தது 1904-இலேயே வேலைபார்த்த பத்திரிகையின் பழைய தொடர்பு. பாரதிக்கே ஆள் வேண்டியிருந்தது.

மேன்ஷன்களின் பலம் அவை இருந்த இடம். 2000-இல் தரமணியில் டைடல் பூங்கா திறந்தபின் வேலை பழைய மாமல்லபுரம் சாலைக்கும், கார் ஆலைகளும் கைப்பேசி ஆலைகளும் வந்தபின் திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நகர்ந்தது. படுக்கை திருவல்லிக்கேணியில், வேலை முப்பது நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் என்றால் மிச்சப்படுத்திய வாடகை பஸ்ஸிலும் தூக்கத்திலும் கரைந்துவிடும். தென்மாவட்ட பஸ்களே இப்போது நகருக்குள் வருவதில்லை. 2023 டிசம்பர் 30-இல் திறந்த கிளாம்பாக்கத்தில் இறங்கி, பெட்டியோடு இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். பொதிகை ரயில் எழும்பூரில் கொண்டுபோய் விடுவதற்கு இந்த ஒரு காரணத்துக்காகவே தனி மதிப்பு உண்டு, டிக்கெட் கிடைத்தால்.

மேன்ஷன் ஆண்களுக்கானது. தென்காசி மாவட்டத்தில் பீடி சுற்றி வீட்டு வருமானத்தில் பெரும் பங்கு கொடுத்த தாய்மாரின் பெண்கள் இன்று இன்ஜினீயரிங்கும் நர்சிங்கும் முடித்துவிட்டு அதே ரயிலில் ஏறுகிறார்கள். பெரும்பாலும் அம்மாவின் நகையை அடகு வைத்த பணத்தில். அவர்களுக்கான தனியார் லேடீஸ் ஹாஸ்டல்கள் பதிவு பெற்றே நடக்க வேண்டும் என்று தமிழ்நாடு 2014-இல் சட்டம் இயற்றியது. ஓர் அறையில் நான்கு கட்டில், மாதக் கட்டணத்தோடு சாப்பாடு, ஒன்றிரண்டு மாத அட்வான்ஸ். வீடு எடுப்பதைவிட நுழைவுச் செலவு பல மடங்கு குறைவு. அதற்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு என்று வரித்துறையின் முன்தீர்ப்பு ஆணையம் சொல்லிவிட்டது. 2024 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது. அதே ஆண்டு ஜூனில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம், ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய் வரையிலான தங்குமிடத்துக்கு வரி இல்லை என்று முடிவு செய்தது. நிபந்தனை ஒன்று: தொடர்ந்து 90 நாளாவது தங்க வேண்டும். வந்திறங்கி இரண்டு மாதத்தில் வேலையிழந்து திரும்பும் பெண் அந்தச் சலுகைக்குள் வரமாட்டாள்.

அரசு நேரடியாகக் கட்டும் விடுதிகளும் உண்டு. வேலைபார்க்கும் மகளிர் விடுதிகளுக்கு மத்திய அரசின் திட்டம் 1972-73 முதலே இருக்கிறது. தமிழ்நாடு அரசு 'தோழி' என்ற பெயரில் அடையாறு, தாம்பரம், கூடுவாஞ்சேரி உள்ளிட்ட இடங்களில் நடத்துகிறது. திருநெல்வேலியிலும் ஒன்று உண்டு. நல்ல ஏற்பாடு, தேவைக்கு முன் சிறிது. ஆலைத் தொழிலாளருக்காக வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய விடுதி அளவில் பெரியது. 2024 ஆகஸ்டில் திறந்த அந்த இடத்தில் 18,720 பேர் தங்கலாம்; செலவு 706.5 கோடி ரூபாய். இதற்கு முன்கதை இருக்கிறது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் கைப்பேசி ஆலையின் பெண் தொழிலாளர்கள், தங்கியிருந்த விடுதியில் கெட்ட உணவு சாப்பிட்டு நூற்றுக்கணக்கில் நோயுற்று, சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். அந்த மறியல் இல்லாமல் இவ்வளவு பெரிய விடுதி இவ்வளவு விரைவில் எழுந்திருக்குமா என்பது சந்தேகம். ஆனாலும் வேலையோடு கட்டிய படுக்கை அண்ணாச்சி கடை மாடியின் குறையை அப்படியே சுமக்கிறது. வேலை போனால் படுக்கையும் போகும்.

மற்ற உதவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2021 மே முதல் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆண்களுக்கு மாநகர பஸ்ஸில் 1,000 ரூபாய் மாதப் பாஸ் இருக்கிறது. 5 கிலோ சிலிண்டரை முகவரிச் சான்று இல்லாமல் அடையாள அட்டையைக் காட்டி வாங்கலாம். வாடகை ஒப்பந்தம் கைக்கு வராத ஆளுக்கு இது பெரிய விஷயம். 2013 பிப்ரவரியில் சாந்தோமில் தொடங்கிய அம்மா உணவகத்தின் ஒரு ரூபாய் இட்லியும் ஐந்து ரூபாய் சாம்பார் சாதமும் முதல் மாதத்தைக் கடத்த உதவும். ரேஷன் மட்டும் பெரிதாகக் கைகொடுக்காது. மாநிலத்தில் எந்த ரேஷன் கடையிலும் வாங்கலாம் என்றாலும் அட்டை குடும்பத்துக்கானது, சென்னையில் வாங்கும் அரிசி ஊரில் இருப்போரின் பங்கிலிருந்தே குறையும்.

இத்தனை சிரமத்துக்குப் பதிலாக வேலையே இங்கே வந்தால்? 2011-இல் ஸோஹோ நிறுவனம் தென்காசிக்குப் பக்கத்து மத்தளம்பாறையில் அலுவலகம் தொடங்கியது. அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019-இல் அங்கேயே குடிவந்தார். 'ஸோஹோ டெஸ்க்' என்ற மென்பொருள் அங்கு உருவானது. சென்னை வாடகையும் அட்வான்ஸும் இல்லாமல், வீட்டுச் சாப்பாட்டோடு மென்பொருள் வேலை பார்க்கும் பிள்ளைகளை ஊர் பெருமையோடு பார்க்கிறது. அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் இதை மாவட்டத்தின் விடையாகச் சொல்வது மிகை. 2019 நவம்பர் 22-இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தென்காசி மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கின்படியே 14 லட்சம். சங்கரன்கோவில் விசைத்தறியும் புளியங்குடி எலுமிச்சையும் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையும் படித்துவிட்டு வரும் எல்லோரையும் தாங்கிவிடாது. ஒரே ஒரு மென்பொருள் நிறுவனமும் தாங்காது. பெயர்வு நடக்கத்தான் செய்யும். அது குடும்பத்தைக் கடனில் தள்ளாமல் நடக்க வேண்டும் என்பதே கேள்வி.

அதற்குச் செய்யக்கூடியவை பெரிய மாயங்கள் இல்லை. 2017 சட்டத்தில் அந்த "வேறுவிதமான உடன்பாடு" என்ற விலக்கை நீக்கி, குடியிருப்புக்கு மூன்று மாத வரம்பைக் கண்டிப்பாக்கலாம். புதிதாகச் சேருபவருக்கு முதல் மாதம் மட்டும் பதினைந்து நாளில் பாதிச் சம்பளம் தர நிறுவனங்களைக் கேட்கலாம். அவர்களுக்கு இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை, உழைத்த நாளுக்கான காசுதான். மாணவருக்குக் கல்விக் கடன் கொடுக்கும் வங்கி, வேலைக் கடிதத்தை வைத்து மூன்று மாத அட்வான்ஸுக்கும் கடன் கொடுக்கலாம். வங்கதேசத்துப் பாடத்தை வைத்துப் பார்த்தால் கடனோடு கூட ஒரு முகவரியும் வேண்டும். தென்காசி மாவட்டத்துக்காரர்களுக்குச் சென்னையில் ஊர்ச் சங்கங்களுக்கும் சாதிச் சங்கங்களுக்கும் குறைவில்லை. கல்யாண மண்டபங்களும் இருக்கின்றன. சாதி கேட்காமல், வேலைக் கடிதத்தை மட்டும் பார்த்து, முதல் நாற்பது நாளுக்குக் கட்டில் தரும் ஒரு விடுதியை மாவட்டத்தின் பெயரால் நடத்த அவர்களால் முடியும். பேட்டை கட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது தெரியாத வித்தை இல்லை.

கிளம்பவிருப்பவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் மூன்று மாதம் வீடு எடுக்காதீர்கள். ஹாஸ்டலோ மேன்ஷனோ வேலைக்குப் பக்கத்தில் ஒரு கட்டில் பிடியுங்கள். வேலை நிலைக்கிறதா என்று தெரியாமல் அம்மாவின் நகையை ஒரு வீட்டுக்காரரிடம் பூட்டிவைக்க வேண்டாம். எந்த அட்வான்ஸுக்கும் ரசீது வாங்குங்கள், ஒப்பந்தத்தை எழுத்தில் கேளுங்கள், காலி செய்தால் எத்தனை நாளில் பணம் திரும்பும் என்பதை அதில் எழுதச் சொல்லுங்கள்.

சென்னையில் வீடு கட்டி மாடியை வாடகைக்கு விட்டிருக்கும் தென்காசி, கடையநல்லூர், சங்கரன்கோவில், ஆலங்குளத்துக்காரர்கள் இதைப் படித்தால் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்து வரும் தனியாளிடம் மூன்று மாதத்துக்கு மேல் அட்வான்ஸ் கேட்காதீர்கள். ஊரில் எந்தத் தெரு என்றும் கேட்காதீர்கள்.